எட்டு அங்குலத்துக்குள் ஒரு பூ

தபால்காரர் வண்டியைச் சாலையோரம் அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்தார். எல்ஃப்ரீடா உன்ரூ தன் தோட்டத்து ஈர மண்ணில் குப்புற விழுந்து கிடந்தாள். ஐம்பது தாண்டிய வயது, கனத்த உடம்பு. பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளை உடுப்பெல்லாம் சேறு. ஒரு கை முன்னால் நீண்டு கிடந்தது. அசைவே இல்லை.

"எல்ஃப்ரீடாம்மா! ஆண்டவரே, நெஞ்சுவலியா?"

"உஷ்! நிழல் விழுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றது தரையிலிருந்து குரல். "விரியுது! இப்பத்தான் விரியுது!"

தபால்காரர் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முட்டி போட்டுப் பார்த்தார். ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது.

"படுங்க," என்றாள் எல்ஃப்ரீடா. "படுத்தாத்தான் முகம் தெரியும்."

அவரும் படுத்தார். எதிர்ப் பண்ணையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த லியோனா வோத், எல்ஃப்ரீடாவின் தோட்டத்தில் இரண்டு பேர் வரிசையாய்க் கிடப்பதைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டாள். "என்னடி ஆச்சு? கேஸ் கசியுதா?" என்று கத்திக்கொண்டே ரப்பர் பூட்ஸ் தபதபக்க ஓடிவந்தாள்.

குட்டி ஐரிஸ் பூவை இப்படித்தான் பார்க்க வேண்டும். பெரிய ஐரிஸ் இடுப்பளவு நிற்கும். தெருவில் போகிறவர்கள் வண்டிக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகலாம். அது மே மாதத்துப் பூ. குட்டியோ அதற்கு ஒரு மாதம் முந்தியே, கோதுமை வயல் இன்னும் கணுக்கால் உயரம்கூட வராத காலத்தில், மண்ணோடு மண்ணாக வந்துவிடும். மூன்று இதழ் மேல்நோக்கிக் குவிந்திருக்கும், கும்பிட்ட கைபோல. மூன்று இதழ் கீழே சரிந்திருக்கும். அந்தச் சரிந்த இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன தாடி, கம்பளிப்புழு ஏறி உட்கார்ந்த மாதிரி. ஒரு நாள் இருக்கும், மிஞ்சிப் போனால் இன்னொரு நாள். அவ்வளவுதான் அதன் ஆயுசு. அதற்காகத்தான் எல்ஃப்ரீடா உடுப்பையும் பார்க்காமல் விழுந்து கிடந்தாள்.

அன்று விரிந்த பூ வெண்ணெய் நிறம். தாடியோ நீலம்.

"நீலம்!" எல்ஃப்ரீடா எழுந்து உட்கார்ந்து லியோனாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா? நல்ல நீலம்! மஞ்சள் பூவுக்கு மஞ்சள் தாடி எந்த வீட்டுலயும் இருக்கு. இதுக்கு வானத்தைத் தொட்டு வச்ச மாதிரி இருக்குடி!"

"சரி, சரி, கையை விடு. பிச்சு எடுத்துராதே. அழகாத்தான் இருக்கு. உன் மூக்குல சேறு இருக்கு பாரு."

அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போன சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. யாரும் எல்ஃப்ரீடாவைத் திட்டவில்லை. அவள் பாத்திரம் கழுவும்போது பாடிய பாட்டு வகுப்பறை வரைக்கும் கேட்டதாம்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. அமெரிக்காவின் கான்சஸில், மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த எங்கள் சனங்களின் ஊர்களில் பெண்கள் மண்ணைத் தொட்டால் அது உருளைக்கிழங்குக்காக இருக்கும், வெங்காயத்துக்காக இருக்கும். ஒரு கோடையில் ஐரிஸ் சங்கத்தார் தங்களிடம் மிஞ்சிப்போன கிழங்குகளை மேசையில் பரப்பி விற்றார்கள். பெயரை இலைமேலேயே மையால் எழுதியிருந்தார்கள். எல்ஃப்ரீடா விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கிழங்கை, பாவம் என்று வாங்கிவந்து, உருளைக்கிழங்கு நடுவதுபோல நல்ல ஆழமாய்ப் புதைத்தாள். இரண்டு வருஷம் இலை மட்டும் வந்தது. பூ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

லியோனாதான் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பா விட்டுப்போன பண்ணையைத் தனியாக நடத்துகிறவள் அவள். "அடிப்பாவி, உயிரோட புதைச்சிட்டியே! எங்க வேலியோரம் பழைய ஐரிஸ் கெடக்குது பாரு, எப்படிக் கெடக்குது? வாத்து தண்ணியில மிதக்குற மாதிரி மண்ணுமேல மிதக்கணும். முதுகு வெயில்ல காயணும்."

தோண்டி மேலே வைத்தாள் எல்ஃப்ரீடா. அடுத்த ஏப்ரலில் ஊதா நிறத்தில் ஒரே ஒரு பூ பூத்தது. அன்றோடு அவள் மாட்டிக்கொண்டாள்.

பிறகு ஒன்று பத்தாயிற்று. பத்து இரண்டு பாத்தியாயிற்று. அப்புறம் கல்யாணம் செய்துவைக்கவும் கற்றுக்கொண்டாள். புருவம் திருத்தும் இடுக்கியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் உதட்டில் தடவுவாள். தடவும் முன் கண்ணை மூடிக்கொள்வாள். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் நீலத் தாடி."

அவள் கணவன் ரூபன் வேலிமேல் சாய்ந்து நின்று பார்ப்பான். தானியக் கிடங்கில் வேலை அவனுக்கு. "ஃப்ரீடா, ஆண்டவருக்கே கலர் சொல்லிக் குடுக்கிறியா?"

"கேட்டுத்தான் வைக்கிறேன். குடுக்கிறதும் குடுக்காததும் அவர் இஷ்டம்."

"பொண்ணு வீட்ல என்ன சொல்றாங்க? மாப்பிள்ளையோட தாடி பிடிச்சிருக்காமா?"

காய் முற்றி, விதை எடுத்து, சட்டியில் போட்டு, பனிக்காலம் முழுக்க வெளியிலேயே விட்டுவைத்தாள். இந்த விதைக்குக் குளிர் கடித்தால்தான் புத்தி வரும். முளைத்த நாற்றுகளில் பாதியை முயல் தின்றது. மிச்சத்தில் நிறைய பூத்துப் பார்த்தபோது சாதாரணம். ஒன்றே ஒன்று, அந்த வெண்ணெய்ப் பூ. தபால்காரரைத் தரையில் படுக்கவைத்த பூ.

ஐரிஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பிறந்த செடியை ஒரே தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அழுகல் வரலாம், ஆலங்கட்டி அடிக்கலாம், எலி குடையலாம். அதனால் கோடையில் கிழங்கைப் பிரித்து ஒரு துண்டை வேறு யார் தோட்டத்திலாவது கொடுத்துவைப்பார்கள். எல்ஃப்ரீடாவும் பிரித்தாள். தன் பங்குக்கு மக்கிய எரு, எலும்புத்தூள், சலித்த மணல் எல்லாம் போட்டு, மணப்பெண்ணுக்குப் படுக்கை விரிப்பதுபோலப் பாத்தி செய்தாள். மற்றத் துண்டை லியோனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். லியோனா பால் கறக்கும் கொட்டகைக்குப் போகிற ஜல்லிப் பாதையின் ஓரத்தில், பூட்ஸ் குதிகாலால் ஒரு குழி போட்டு, அதில் வைத்து, அதே பூட்ஸால் ஒரு மிதி மிதித்தாள்.

"லியோனா! குழந்தைடி அது!"

"உயிர் இருந்தாப் பிழைக்கும். வா, காப்பி குடிக்கலாம்."

இந்த ஏப்ரலில் ஐரிஸ் சங்கத்தின் கண்காட்சி வந்தது. எங்கள் சபையின் கீழ்த்தளக் கூடத்தில் சனிக்கிழமை நடப்பதாக ஏற்பாடு. வெளியூரிலிருந்து மூன்று நடுவர்கள் வருகிறார்கள். புதுச் செடிகளுக்கென்று தனி மேசை. நடுவர்கள் தலையசைத்தால் அந்தச் செடிக்குச் சான்றிதழ் கிடைக்கும். அப்புறம் பெயர் வைத்து ஊருலகத்துக்கு அனுப்பலாம். குட்டி ஐரிஸ் என்றால் அதற்கு ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. எட்டு அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது. வளர்ந்தால் அது அடுத்த வகுப்புக்குப் போய்விடும். அங்கே அதைவிட இரண்டு மடங்கு உயரமான பூக்களின் நடுவில், பெரிய பையன்கள் மத்தியில் நிற்கிற சிறுவன்போல நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெயர்கூட அவள் மனதில் முடிவாகியிருந்தது. ரூபன் பசியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் செய்கிற ஜெபம் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென், ரொட்டியைத் தள்ளு." சின்னது, ஆனால் மனசாரச் சொல்வான். அந்த நினைப்பில் பூவுக்குக் 'குட்டி ஜெபம்' என்று வைத்திருந்தாள். கண்காட்சியில் நடுவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பெயர் பெயராகும்.

அந்த வாரத் தொடக்கத்தில் மொட்டு தலைகாட்டியது. மறுநாள் காலையிலேயே வானொலியில் உறைபனி எச்சரிக்கை. எல்ஃப்ரீடாவுக்குக் கை கால் ஓடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து காலியான ஐஸ்கிரீம் வாளிகளை அள்ளிவந்து ஒவ்வொரு செடியின் தலையிலும் கவிழ்த்தாள். காற்றில் பறக்காமல் மேலே செங்கல் வைத்தாள். பாத்தி முழுக்க வெள்ளை வாளிகள், குட்டிக் கல்லறைத் தோட்டம் மாதிரி.

"லியோனா, உன் செடிக்கும் ஒண்ணு கவுக்கட்டுமா?"

"அதை விடு. பொறக்கப்போற கன்னுக்குக் கட்டிலு மெத்தை போட்டுக்கிட்டிருக்கேன், இவ பூவுக்குத் தொப்பி போட வந்துட்டா."

அந்த வாரம் சபை ஏழைகளுக்காக நடத்தும் நிவாரண விற்பனைக்குச் சமைக்கிற வாரமும்கூட. பள்ளிக்கூடம் விட்டால் பெண்களெல்லாம் சபைச் சமையலறையில் நின்று பாலாடைக்கட்டியை மாவுக்குள் வைத்து ஓரம் கிள்ளி வெரெனிகெ செய்வார்கள். எல்ஃப்ரீடாவின் கிள்ளல்தான் எல்லோரையும்விட நேர்த்தி. அவளை விடமாட்டார்கள். வானம் வேறு நாள் முழுக்க மூடிக்கிடந்தது. "வெயில் இல்லையே, திறந்து என்ன ஆகப்போகுது, பத்திரமா இருக்கட்டும்" என்று வாளிகளை எடுக்காமலே விட்டாள். ஒவ்வொரு நாளும் அப்படியே விட்டாள். விட்டது அலட்சியத்தால் இல்லை, ஆசையால். அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் அடித்தது. எல்ஃப்ரீடா முதல் வாளியைத் தூக்கினாள்.

மொட்டு இருந்தது. நாளைக்கு விரியும் பக்குவத்தில், மஞ்சள் நுனி தெரிய, அழகாக இருந்தது. ஆனால் அதன் கீழே தண்டு! வெளுத்துப்போய், ஒல்லியாய், கழுத்தை நீட்டிக்கொண்டு, வாளியின் அடிப்பாகத்தில் தலை முட்ட முட்ட வெளிச்சத்தைத் தேடி வளர்ந்திருந்தது. எல்ஃப்ரீடா சமையலறையிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்தாள். நிறுத்திப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்திப் பார்த்தாள். எட்டேமுக்கால்.

"ரூபன்!"

அவள் கத்தலைக் கேட்டு ரூபனும் வந்தான், எதிர்ப் பண்ணையிலிருந்து லியோனாவும் வந்தாள். மூன்று பேரும் குனிந்து நின்றார்கள்.

"கொஞ்சம் மண்ணைக் கூட்டிக் குவிச்சு வச்சு அளந்தா என்ன?" என்றான் ரூபன்.

எல்ஃப்ரீடா அவனை முறைத்தாள்.

"குட்டி ஜெபம்னு பேரு வச்சியே," என்றாள் லியோனா. "பிரசங்கமா நீண்டுருச்சேடி."

எல்ஃப்ரீடாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியே பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலேயே செஞ்சேன். இருட்டுல அடைச்சு வச்சு நானே நீட்டி விட்டுட்டேன். இத்தனை வருஷம்... ஒரு வாளிக்குப் போச்சு."

லியோனா பூட்ஸால் மண்ணைச் சீண்டினாள். பிறகு, "என் பாதையோரம் கெடக்கிறதைப் பாத்தியா?" என்றாள்.

எல்ஃப்ரீடா பார்க்கவில்லை. அந்த ஜல்லியையும் டிராக்டரையும் நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போது ஓடினாள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

கொட்டகையின் தெற்குச் சுவர் ஓரம், வெயில் வந்தால் சூடு குடிக்கிற கற்களுக்கு நடுவில், கட்டையாய், தடித்து, பச்சைப் பசேலென்று நின்றது குட்டி ஐரிஸ். ஒரு இலை நுனியை மட்டும் பனி கடித்துப் பழுப்பாக்கியிருந்தது. நடுவில் ஒரு மொட்டு. எல்ஃப்ரீடா ஜல்லியிலேயே முட்டி போட்டு ஸ்கேலை வைத்தாள். ஆறரை!

"லியோனா!" அவள் கூவியதில் மாடுகள் திரும்பிப் பார்த்தன. "ஆறரைடி! ஆறரை!"

"அப்ப இதை வெட்டிக்கிட்டுப் போ. உன் பேர்ல வை."

"முடியாது. வளத்தவங்கதான் மேசையில வைக்கணும். அதுதான் சட்டம். செடி பொறந்தது என் தோட்டத்துலன்னு எழுதிக்கலாம். ஆனா பூவைக் கொண்டுவந்து வைக்க வேண்டியது நீதான்."

"நானா?" லியோனா இரண்டடி பின்னால் போனாள். "எனக்கு இந்தப் பூப் போட்டியெல்லாம் பிடிக்காதுன்னு உனக்கே தெரியும். ஆண்டவர் செஞ்சதுக்கு மனுஷன் மார்க் போடுறதா? நாளைக்கு வானவில்லுக்கும் போடுவீங்க. அதுவுமில்லாம கிடாரி நாளைக்குக் கன்னு போடப்போகுது."

"ரூபன் பாத்துக்குவான்."

"நானா?" என்றான் பின்னாலேயே வந்து நின்ற ரூபன்.

எல்ஃப்ரீடா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெஞ்சவில்லை. எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று அவள் முகமே காட்டியது. லியோனா பெருமூச்சு விட்டாள்.

"சரிடி. ஆனா ஒரு பேச்சு. தொப்பி போட மாட்டேன். பூட்ஸைக் கழட்ட மாட்டேன்."

சனிக்கிழமை விடிந்ததும் லியோனா தன் சட்டைப்பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தாள். மாட்டு மருந்துக் கட்டைப் பிரிக்கிற கத்தி. எல்ஃப்ரீடாவுக்கு உயிரே போயிற்று. "சாய்ச்சு வெட்டு! கீழ! இன்னும் கீழ! அய்யோ, இலையைப் பிடிக்காதே!"

"நீ வாய மூடலைன்னா என் கை நடுங்கும். அப்புறம் உன் பூ ரெண்டு துண்டு."

இருமல் மருந்து சீசாவில் தண்ணீர் நிரப்பி அதில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது எல்ஃப்ரீடா தன் பாத்தியருகே தயங்கி நின்றாள். அந்த நெட்டைத் தண்டிலும் மொட்டு பிளக்கத் தொடங்கியிருந்தது.

"அதை விட்டுட்டு வா, நேரமாகுது," என்றாள் லியோனா. "வீட்ல மேசையில வச்சு அழகு பாத்துக்க."

"ரெண்டும் ஒரே செடி, லியோனா."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்." எல்ஃப்ரீடா மெல்லச் சொன்னாள். "என் தோட்டத்துல நெட்டையா நிக்கிறதை மறைச்சுட்டு, உன் தோட்டத்துக் குட்டையை மட்டும் காட்டினா, அது பாதி உண்மைதானே? அவங்க இதைக் குட்டின்னு நம்பி ஊரெல்லாம் நட்டு, அங்கெல்லாம் நெட்டையா வளந்தா? ஆண்டவர் குடுத்த செடியைப் பொய்யோட அனுப்ப மாட்டேன்."

"உனக்குப் பைத்தியமா? இத்தனை பாடுபட்டது இதுக்காகத்தானே!"

"அதனாலதான்."

அவள் நெட்டைத் தண்டையும் வெட்டி எடுத்துக்கொண்டாள்.

லியோனாவின் பிக்கப் வண்டியில் இருவரும் மடிக்கு ஒரு சீசாவோடு ஏறினார்கள். மொட்டு விரிய வேண்டுமே என்று எல்ஃப்ரீடா ஹீட்டரை முழுக்கத் திருப்பினாள். லியோனாவுக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது. "பூ விரியுறதுக்குள்ள நான் வெந்துருவேன்" என்று முனகிக்கொண்டே ஓட்டினாள். சபை மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எல்ஃப்ரீடா, "நிறுத்து!" என்று அலறினாள். வண்டி குலுங்கி நின்றது. லியோனாவின் மடியில் இருந்த மொட்டின் ஓரம் ஒன்று மெல்லக் கழன்று, அடுத்து ஒன்று கழன்று, கீழிதழ் ஒவ்வொன்றாய்ச் சரிந்தது. நீலத் தாடி.

லியோனா ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையாலும் சீசாவைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு விடாதேடி," என்றாள். "அசைஞ்சுரும்."

கூடத்தில் பூக்களை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கதவு சாத்திவிடுவார்கள். நடுவர்கள் பார்க்கும்போது ஆள் இருக்கக்கூடாது, மேசையில் பெயரும் தெரியக்கூடாது. செடிக்கு வைத்த எண் மட்டும்தான் தெரியும். வெளியே காப்பியும் ஸ்வீபாக் ரொட்டியும் இருந்தன. எல்ஃப்ரீடா ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் குவித்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. லியோனா பூட்ஸோடு சுவரில் சாய்ந்து நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "நான் டிரைவர் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. மேற்பார்வைக்கு நின்ற பெண் குழப்பத்தோடு எட்டிப்பார்த்தாள். "ஒரே நம்பர் ரெண்டு மேசையில இருக்கு. குட்டி வகுப்புலயும் இருக்கு, அடுத்த வகுப்புலயும் இருக்கு. எண்ணைத் தப்பா எழுதிட்டீங்களான்னு நடுவர்கள் கேக்கிறாங்க. இது யாரோடது?"

எல்ஃப்ரீடா எழுந்தாள். தட்டு கீழே விழுந்தது.

உள்ளே மூத்த நடுவர் தெல்மா பிராக்கெட் ஸ்கேலோடு நின்றிருந்தார். வெள்ளைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. இரண்டு சீசாக்களையும் அருகருகே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒன்று குட்டையாய்ப் பளிச்சென்று நின்றது. மற்றது அதே முகத்தோடு நெட்டையாய், வெளுத்து, சோகை பிடித்ததுபோல.

"தப்பா எழுதிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க. ரெண்டும் ஒரே செடிதான். குட்டை இவங்க வளத்தது. நெட்டை நான் வளத்தது."

"அப்படின்னா எது நிஜம்?"

எல்ஃப்ரீடா நெட்டைப் பூவின் சீசாவைத் தன் பக்கம் நகர்த்தினாள். "எனக்குத் தெரியலைங்க. நான் உறைபனிக்குப் பயந்து ஐஸ்கிரீம் வாளி கவுத்து வச்சேன். எடுக்க மனசு வரலை. வாரம் பூரா அப்படியே விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி நிறைய எருவும் போட்டேன். அதனாலதான் நீண்டுச்சா, இல்ல, செடியே நெட்டைதானான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை மறைக்கக் கூடாதுன்னு ரெண்டையும் கொண்டுவந்தேன்."

தெல்மா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு நடுவர், வைக்கோல் தொப்பிக்காரர், இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் இல்லை அது, சிரிப்பு.

"வாளியா?" என்றார் தெல்மா அம்மாள். "என்னம்மா, நான் ஒரு வருஷம் சலவை வாளியே கவுத்தேன். எடுத்துப் பாத்தா அவரைக்கொடி மாதிரி நின்னுச்சு!" அவர் சிரிக்க, மூன்றாவது நடுவரும் சிரிக்க, கதவோரம் காது வைத்திருந்த சங்கத்தார் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். யாரோ, "நான் பால் பாத்திரம்!" என்றார்கள். இன்னொரு குரல், "என் வீட்டுக்காரரோட தொப்பி!"

தெல்மா அம்மாள் லியோனாவின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி வளத்தீங்க?"

"நான் எங்க வளத்தேன்? அதுவா வளந்துச்சு."

"என்ன உரம் போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. எப்பவாச்சும் டிராக்டர் மேல ஏறும்."

மறுபடி கதவைச் சாத்தினார்கள். இந்தத் தடவை எல்ஃப்ரீடா ரொட்டித் தட்டைக்கூடத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன ஜெபம் செய்தாள் என்று லியோனா பிறகு கேட்டபோது, "இதைக் குடுங்கன்னு கேக்கலைடி. எதுவாயிருந்தாலும் என் முகத்தைச் சிரிச்ச மாதிரி வைக்க உதவி பண்ணுங்கன்னு கேட்டேன்" என்றாள்.

கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு போனது. குட்டைப் பூ இருந்த சீசாவின் கழுத்தில் சிவப்பு ரிப்பன், இரண்டாம் பரிசு. பனி கடித்த இலை நுனியால் முதல் பரிசு போயிற்று. ஆனால் அதன் அடியில் சான்றிதழ் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நடுவர்கள் மூவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அட்டையின் மூலையில் தெல்மா அம்மாளின் கிறுக்கல் கையெழுத்தில் ஒரு வரி: குட்டி என்றுதான் நம்புகிறோம், இன்னும் இரண்டு வசந்தம் வாளி இல்லாமல், எரு இல்லாமல் பூக்கவிட்டு அளந்து பார்த்துவிட்டுப் பெயரைப் பதியுங்கள்.

எல்ஃப்ரீடா அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு லியோனாவைக் கட்டிப் பிடித்து அவளை அப்படியே சுற்றினாள். ரப்பர் பூட்ஸ் தரையை விட்டுக் கிளம்பின.

"விடுடி! பாஸ்டர் பாக்கிறாரு!"

"பாக்கட்டும்! ஒத்துக்கிட்டாங்க! நம்பறாங்களாம்!"

"எனக்கு ஒரு ரிப்பன் வந்திருக்கு, கவனிச்சியா?" லியோனா ரிப்பனை விரலால் நீவிப் பார்த்தாள். பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டாலும், அதைக் கவனமாய் மடித்துக் கத்தி இருந்த பையிலேயே வைத்துக்கொண்டாள். அதற்குள் தெல்மா அம்மாள் வந்து எல்ஃப்ரீடாவின் கையைப் பிடித்து, "அந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சு, அப்பா அம்மா யாரு, எல்லாம் சொல்லுங்க, ஒண்ணு விடாம," என்று மேசையோரம் இழுத்துப் போய்விட்டார். எல்ஃப்ரீடா வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வைத்த வெரெனிகெ ஆறிப்போகிறது என்று மூன்று பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் திடீரென்று கேட்டாள். "லியோனா, உன் பாதையில ஜல்லி எவ்வளவு ஆழம் இருக்கு?"

"எதுக்கு?"

"சொல்லு, எவ்வளவு?"

லியோனா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை வேகமாக மிதித்தாள்.

கிடாரி கன்று போட்டிருந்தது. அதைச் சொல்ல வாசலில் ஓடிவந்த ரூபன், சட்டையெல்லாம் ஈரமாய், "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, பெண் கன்னு" என்று பெருமையோடு ஆரம்பித்தான். ஆனால் அவன் சொல்வதைக் கேட்க ஆளில்லை. கண்காட்சிக்குப் போட்டுப்போன நல்ல உடுப்போடு எல்ஃப்ரீடா பின்பக்கத் தோட்டத்தில் காலிப் பாத்தி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கறுத்த, பஞ்சு போன்ற மண் மண்வெட்டியிலிருந்து பறந்தது. பக்கத்தில் தள்ளுவண்டி நிறைய ஜல்லியோடு லியோனா.

"என்ன பண்றே? வருஷக்கணக்கா எரு போட்டுச் சேர்த்த மண்ணாச்சே!"

"குட்டிக்கு அது வேண்டாம். மண்ணு ஏழ்மையா இருந்தாத்தான் அது அதுவா இருக்கும், ரூபன். ஜூலையில பிரிச்சு இங்க நடணும்."

"இது ஏப்ரல். ஜூலைக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு. சாப்பிட்டுட்டுச் செஞ்சா ஆகாதா?"

"ஆகாது," என்றாள் எல்ஃப்ரீடா, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே. "இந்த மண்ணைத் தக்காளிக்குக் கொண்டுபோய்க் கொட்டு. லியோனா, இன்னொரு வண்டி!"

"என் பாதை பூரா இங்க வந்துருச்சுன்னா மாடு எதுமேல நடக்கும்?" என்று கத்திக்கொண்டே லியோனா தள்ளுவண்டியைத் திருப்பினாள். ரூபன் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, இன்னொரு மண்வெட்டியைத் தேடிக் கொட்டகைக்குப் போனான்.